நிலத்தில் வாழ்வோரை நீக்கிய பின் நிலைபேறு ஏது?

நிலைபேறான அபிவிருத்தி என்ற சொற்றொடர் இன்று இலங்கை அரசாங்கத்தின் ஏடுகளில் இடம்பெறாத பக்கமில்லை. 2017-ஆம் ஆண்டின் 19-ஆம் இலக்க நிலைபேறான அபிவிருத்திச் சட்டம், இந்நாட்டுக்கென ஒரு தேசியக் கொள்கையும் அதனை நிறைவேற்றும் வழிமுறையும் வகுக்கப்படல் வேண்டுமென விதித்தது. அப்பணிக்கெனத் தனியொரு சபையையும் நிறுவியது. 2015 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட 17 இலக்குகளை 2030-க்குள் எய்துவதாக இலங்கையும் உலகத்தின் முன் வாக்களித்திருக்கிறது. இவையாவும் நல்ல காரியங்களே. ஆயினும் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. கொழும்பில் தீட்டப்படும் திட்டம் பொன்னா பித்தளையா என்று உரைத்துப் பார்ப்பதற்கு இந்நாட்டில் ஓர் உரைகல் உண்டு. அதுதான் திருகோணமலை.

இச்சொற்றொடருக்கு உலகம் கொண்டிருக்கும் பொருள் கடினமானதன்று. 1987-இல் நோர்வேயின் புரூண்ட்லண்ட் அம்மையார் தலைமையில் ஐக்கிய நாடுகளின் ஆணைக்குழு வெளியிட்ட அறிக்கை, இன்றைய தலைமுறை தன் தேவையை நிறைவேற்றிக்கொள்ளும்போது நாளைய தலைமுறையின் தேவைக்குக் கேடு செய்யலாகாது என்ற கருத்தை உலகறியச் செய்தது. நம் கமக்காரர்களுக்கு இதை விளக்க அறிஞர் குழு வேண்டியதில்லை. எவ்வளவு பசித்தாலும் விதைநெல்லைக் குற்றித் தின்னலாகாது என்று அவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். எனவே, பொருள் விளங்காமையால் எழுந்த பிரச்சினையன்று இது. விதைநெல் எவருடையது, அதை எவரைக் கேட்டு எடுப்பது என்பதே பிரச்சினை.

திருகோணமலையின் செல்வத்தைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். உலகின் ஆழமிக்க இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று இங்கிருக்கிறது. இலங்கையின் மிக நீண்ட ஆறான மகாவலி, கொட்டியாரக் குடாவிலே கடலோடு கலக்கிறது. கந்தளாய்க் குளத்து நீர் தம்பலகாமத்து வயல்களை வளப்படுத்துகிறது. மூதூரும் கிண்ணியாவும் குச்சவெளியும் நெல்லாலும் மீனாலும் வாழ்கின்றன. புல்மோட்டைக் கடற்கரையில் கனிய மணல் குவிந்து கிடக்கிறது. 2012-ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 3 இலட்சத்து 79 ஆயிரம் மக்கள், தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவருமாக, இம்மாவட்டத்தில் வாழ்ந்தார்கள்.

ஆயின் வந்தவர் அனைவரும் கண்டது துறைமுகத்தை மட்டுமே. துறைமுகத்தின் பின்னால் வயலும் குளமும் மக்களும் இருப்பதைக் கண்டவர் சிலர். பிரித்தானியர் தங்கள் போர்க்கப்பல்களுக்கென எண்ணெய்த் தாங்கிகளைக் கட்டினார்கள். 1957-இல் கடற்படைத் தளத்தைக் கையளித்துச் சென்றார்கள். தாங்கிகள் எஞ்சின. 1987 ஜூலையில் இலங்கை இந்திய ஒப்பந்தத்தோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் துறைமுகமும் தாங்கிகளும் பேசுபொருளாயின. 2022 ஜனவரியில் எஞ்சிய 99 தாங்கிகள் பங்கிடப்பட்டன: இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளைக்கு 14, இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு 61. 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் வந்திருந்தபோது, இந்தியாவும் ஐக்கிய அரபு இராச்சியமும் இலங்கையும் சேர்ந்து திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவதற்கான உடன்பாட்டில் கையொப்பமிட்டன. இவற்றுள் எந்தவொன்று கையொப்பமாகும் முன் மூதூர்ச் சந்தையிலோ கிண்ணியாப் பள்ளிவாசல் முற்றத்திலோ கந்தளாய்க் கமக்காரர் கூட்டத்திலோ விளக்கப்பட்டது? பங்கு எத்தனை, எவருக்கு என்று கணக்கிட்டவர்கள், அந்தத் தாங்கிகளைச் சூழ வாழும் மக்களுக்கும் ஒரு பங்கு உண்டென்று எண்ணியதற்குச் சான்று எங்கே?

சம்பூரின் கதையை நம் வாசகர் அறிவர். அதை மீண்டும் எடுத்துரைப்பது புண்ணைக் கிளறுவதற்கன்று. அதிலுள்ள பாடத்தை எடுத்துக்கொள்வதற்கே. 2006-இல் போர் அம்மக்களை ஊரைவிட்டு விரட்டியது. அவ்வாண்டின் இறுதியிலேயே, மக்கள் முகாம்களில் இருக்கும்போது, அனல் மின் நிலையத்துக்கான உடன்பாடு இந்திய நிறுவனத்தோடு செய்துகொள்ளப்பட்டது. 2007-இல் அப்பிரதேசம் உயர் பாதுகாப்பு வலயமென வர்த்தமானியில் பிரசுரமாயிற்று. கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் மணற்சேனையிலும் தகரக் கொட்டில்களில் அம்மக்கள் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளைக் கழித்தார்கள். அவர்களுடைய காணியின் ஒரு பகுதி முதலீட்டு வலயமாயிற்று. மற்றொரு பகுதியில் கடற்படை முகாம் எழுந்தது. முதலீட்டு வலயத்துக்கென ஒதுக்கிய 818 ஏக்கர் பற்றிய கட்டளை 2015-இல் நீக்கப்பட்ட பின்னரே மீள்குடியேற்றத்துக்கு வழி பிறந்தது.

திரும்பி வந்தவர்களை எதிர்நோக்கியிருந்தது 500 மெகாவாட் நிலக்கரி நிலையத் திட்டம். கரிப்புகை கிணற்றிலும் வயலிலும் படியுமோ, சூடேறிய நீர் கொட்டியாரக் குடாவின் மீனை விரட்டுமோ என்று மக்கள் அஞ்சினார்கள், வீதியில் இறங்கினார்கள். சுற்றாடல் அமைப்பு வழக்குத் தொடுத்தது. 2016 செப்டெம்பரில் சம்பூரில் நிலக்கரி நிலையம் அமைக்கப்படமாட்டாதென அரசாங்கத்தின் சார்பில் உயர் நீதிமன்றத்துக்கு அறிவிக்கப்பட்டது. மக்களின் குரலுக்குக் கிடைத்த வெற்றி அது என்பதில் ஐயமில்லை. நிலக்கரிக்கென ஒதுக்கிய இடத்தில் பின்னர் சூரிய மின் திட்டம் வந்தது. 2025 ஏப்ரலில் 120 மெகாவாட் நிலையத்துக்கு இரு நாட்டுத் தலைவர்களும் கொழும்பிலிருந்தபடியே தொடக்கவிழா நடத்தினார்கள்.

நிலக்கரி போய்ச் சூரியன் வந்ததை நாம் வரவேற்கிறோம். இதில் மயக்கம் எதுவும் வேண்டாம். நுரைச்சோலையில் 900 மெகாவாட் நிலக்கரி நிலையம் இயங்குகிறது. அதற்கு வேண்டிய கரியெல்லாம் கப்பலேறி வர வேண்டும். அதற்கு வெளிநாட்டுப் பணம் வேண்டும். 2022-இல் அந்நியச் செலாவணி வற்றியபோது இந்நாடு இருளில் மூழ்கியதையும், எரிபொருளுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றதையும் மறப்பதெப்படி? 2030-க்குள் மின்சாரத்தின் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவதென்ற குறிக்கோள் நியாயமானதே. வெயில் நமக்கு விலையின்றிக் கிடைக்கிறது. அதை மின்சாரமாக்கக் கூடாதென்று சொல்பவன் நாட்டின் நன்மையை நாடுபவனாகான்.

ஆனால் வெயில் விலையின்றி வந்தாலும் நிலம் அப்படி வருவதில்லை. ஒரு மெகாவாட் சூரிய மின்சாரத்துக்கு நான்கு முதல் ஆறு ஏக்கர் நிலம் வேண்டியிருக்கிறது. 120 மெகாவாட்டுக்கு 500 முதல் 700 ஏக்கர் வரை தேவை. நிலக்கரி நிலையம் புகையால் கெடுக்குமென அஞ்சினோம். சூரிய நிலையம் புகை விடுவதில்லை, ஆனால் பரப்பை விழுங்குகிறது. ஆகவே, எந்த நிலம், எவருடைய நிலம், எவருடைய சம்மதத்தோடு என்ற மூன்று கேள்விகளும் சூரிய மின்சாரத்தில் முன்னிலும் கூர்மையாக எழுகின்றன. எரிபொருள் மாறியது, நிலத்தைத் தெரிந்தெடுக்கும் முறை மாறவில்லை என்பதே நமது குற்றச்சாட்டு.

முத்துநகர் இதற்கு அண்மைய சான்று. அங்கே தாங்கள் நெடுங்காலம் உழுது பயிரிட்டுவந்த வயல்கள் சூரிய மின் கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டனவென விவசாயிகள் 2025-இல் முறையிட்டார்கள். மாவட்டச் செயலகத்தின் முன் பந்தலிட்டுச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அந்நிலம் துறைமுக அதிகார சபைக்குரியதென்பது அரசாங்கத்தின் வாதம். காகிதத்தில் அவ்வாறே இருக்கலாம். ஆனால் நெல் விளைந்ததும் அரசாங்கம் கொள்வனவு செய்ததும் காகிதத்திலா? இந்நாட்டில் 2000-ஆம் ஆண்டின் 46-ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் வயல் நிலத்தை மற்றெதற்கும் மாற்றுவதற்குக் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. ஒரு கையால் வயலைக் காக்கச் சட்டமியற்றி, மறு கையால் வயலைக் கம்பனிக்கு அளந்து கொடுப்பது எந்த நிலைபேற்றின் பாற்படும்? உணவுப் பாதுகாப்பும் 17 இலக்குகளுள் இரண்டாவது அன்றோ? ஏழாவது இலக்கான மின்சக்திக்காக இரண்டாவதைப் பலியிடு என்று எந்த நாடும் கையொப்பமிடவில்லையே!

நல்ல நோக்கம் ஒன்றே போதுமென்று எண்ணுவோருக்கு 2021-ஆம் ஆண்டை நினைவூட்ட விரும்புகிறோம். மண்ணையும் மக்களின் உடல்நலத்தையும் காப்பதற்கென்று சொல்லி, அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவின் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே கட்டளையால் தடை செய்தது. சேதனப் பசளை நல்லதா என்பதன்று கேள்வி. மாற்றுப் பசளை போதிய அளவில் இருக்கிறதா, எந்தப் பயிருக்கு எவ்வளவு, எத்தனை போகங்களில் படிப்படியாக மாறுவது என்று கமக்காரனைக் கேட்பாரில்லை. விவசாய விஞ்ஞானிகள் சொன்னதும் ஏறவில்லை. நவம்பரில் தடை தளர்ந்தது. அதற்குள் பெரும்போகம் பாழாயிற்று. பசுமையின் பெயரால் பிறந்த கட்டளை பட்டினியின் வாயிலில் கொண்டுபோய் விட்டது. உழுபவனைக் கேளாத கொள்கை எவ்வளவு உயர்ந்த பெயரைத் தாங்கினாலும் இரண்டு போகத்துக்கு மேல் நிலைக்காது என்பதே அதன் பாடம்.

இனி, சட்டம் என்ன சொல்கிறதென்று பார்ப்போம். 1980-ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988-இல் கொண்டுவந்த திருத்தம், பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அறிக்கை மக்கள் பார்வைக்கு வைக்கப்படல் வேண்டும். மூன்று மொழிகளிலும் பத்திரிகை அறிவித்தல் வெளிவரல் வேண்டும். 30 நாட்களுக்குள் எவரும் கருத்துச் சொல்லலாம். நல்ல விதி. ஆயின் புதுப்பிக்கத்தக்க மின் நிலையங்களைப் பொறுத்தவரை 50 மெகாவாட்டுக்கு மேற்பட்டவையே அந்த வகையில் அகப்படுகின்றன. பெருந்திட்டத்தைக் கூறுபோட்டால் ஒவ்வொரு கூறும் அந்த வரம்புக்குள் அடங்கிவிடக் கூடும். வாசல் பூட்டியிருக்க, சாளரம் திறந்து கிடக்கிறது.

நமது நீதிமன்றமோ சட்டப் புத்தகத்தையும் கடந்து நோக்கியிருக்கிறது. அநுராதபுர மாவட்டத்து எப்பாவலையில் பொஸ்பேற்றுப் படிவத்தை அந்நியக் கம்பனியொன்றின் கையில் ஒப்படைக்க அரசாங்கம் முற்பட்டபோது, அம்மண்ணில் வயல் செய்தோர் உயர் நீதிமன்றம் சென்றனர். 2000-ஆம் ஆண்டில் நீதியரசர் அமரசிங்க எழுதிய தீர்ப்பு, இயற்கை வளம் ஆள்வோரின் சொத்தன்று, மக்களுக்காகப் பேணும் பொறுப்பே அவர்களுக்குண்டு என்ற கொள்கையை நிலைநாட்டி, அத்திட்டத்துக்குத் தடையிட்டது. அதற்கு மூன்றாண்டு முன்னர், 1997-இல், தன்யூப் நதி அணைக்கட்டுப் பற்றி ஹங்கேரியும் ஸ்லோவாக்கியாவும் சர்வதேச நீதிமன்றத்தில் வழக்காடின. அவ்வழக்கில் தம் தனித் தீர்ப்புரையை எழுதிய இலங்கையரான நீதியரசர் வீரமந்திரி, நிலைபேறான அபிவிருத்திக்கு முன்னுதாரணமாக உலகுக்கு எடுத்துக் காட்டியது எதனை? இந்நாட்டின் பழைய குளங்களையும் வாய்க்கால்களையுமே. ஹேக் நகரத்து நீதிமன்றம் கேட்டறிந்த பெருமையைக் கொழும்பு மறக்கலாமா? அக்குளங்களைப் பேணாவிட்டால் நேர்வது என்ன என்பதையும் திருகோணமலை அறியும். 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளக்கட்டு உடைத்து நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. புதியதைக் கட்டுவது மட்டுமன்று, பழையதைக் காப்பதும் அபிவிருத்தியே.

நிலத்தைப் பறிக்காமல் மின்சாரம் எடுக்க முடியுமா என்று கேட்போருக்கு அயல்நாட்டிலேயே விடையுண்டு. இந்தியாவின் கர்நாடக மாநிலத்தில், மழை பொய்த்துப் பொய்த்து வறண்டுபோன பாவகடாப் பகுதியில், ஏறத்தாழ 13,000 ஏக்கரில் 2,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட சூரிய மின் பூங்கா அமைந்தது. அங்கே அரசு நிலத்தைச் சுவீகரிக்கவில்லை. உழவர்களிடமிருந்து குத்தகைக்கு எடுத்தது. ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் குத்தகை. இரண்டாண்டுக்கொருமுறை 5 வீத உயர்வு. உறுதி உழவன் பெயரிலேயே. குறையும் உண்டு: நிலமுள்ளவர் குத்தகை பெற்றார், அந்நிலத்தில் கூலி வேலை செய்தவர் வேலையிழந்தார். அக்குறையையும் கண்டு திருத்துவது நம் அறிவுக்கு எட்டாததன்று. டென்மார்க்கில் 2009 முதல் பல ஆண்டுகள் நடைமுறையிலிருந்த சட்டம், காற்றாலை அமைப்போர் தம் பங்குகளில் குறைந்தது 20 வீதத்தை அயலில் வாழ்வோருக்கு விலைக்குக் கொடுக்க முன்வர வேண்டுமென விதித்தது. வறண்ட நாடும் வளமான நாடும் ஒரு வகையில் ஒன்றையே ஒப்புக்கொண்டிருக்கின்றன: மின்சாரம் பிறக்கும் ஊருக்கு அதன் பயனில் பங்கு வேண்டும்.

இங்கே அப்பங்கைக் கேட்பதற்கு மக்களின் சார்பில் யார் இருக்கிறார்கள்? 1957 ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்காவும் தந்தை செல்வநாயகமும் செய்துகொண்ட உடன்படிக்கையை எடுத்துப் பாருங்கள். பிராந்திய சபைகளுக்கு ஒப்படைக்கவிருந்த விடயங்களில் விவசாயமும் காணியும் குடியேற்றமும் மீன்பிடியும் மின்சாரமும் நீர்த்திட்டங்களும் வீதிகளும் அடங்கியிருந்தன. இன்று நிலைபேறான அபிவிருத்தி என்று பேசப்படுபவை பெரும்பாலும் அவையே. அவ்வுடன்படிக்கை ஓராண்டு தானும் வாழவில்லை. முப்பதாண்டுக்குப் பின் 1987-இல் பதின்மூன்றாம் திருத்தம் வந்தது. அரச காணியைப் பற்றிக் கொள்கை வகுக்கத் தேசிய காணி ஆணைக்குழு ஒன்று அமையும் என்று அத்திருத்தம் சொல்லிற்று, அவ்வாணைக்குழு அமைக்கப்படவில்லை. கிழக்கு மாகாண சபையின் ஆயுளும் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன் பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. நிலைபேறான அபிவிருத்திச் சட்டம் பிறந்த அதே ஆண்டில், நிலைபேற்றைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டிய மாகாண சபை கதவடைத்தது. விந்தையான பொருத்தமல்லவா?

ஆதலின் நமது கோரிக்கைகள் இவை.

முதலாவதாக, தேசிய உபாயத் திட்டமும் திருகோணமலைக்கென வகுக்கும் ஒவ்வொரு பெருந்திட்டமும், இயன்ற தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட்டு, ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் கமநல சேவை நிலையத்திலும் மீனவர் சங்கத்திலும் வைக்கப்படல் வேண்டும். ஊரிலேயே கூட்டம் கூட்டி மக்களின் கருத்து பதியப்படல் வேண்டும்.

இரண்டாவதாக, பயிரிடும் வயலும், அதற்கு நீரூட்டும் குளமும், இடம்பெயர்ந்தோர் உரிமை கோரும் காணியும் எந்த மின் திட்டத்துக்கும் ஒதுக்கப்படலாகா. அரச கட்டடங்களின் கூரைகளும் துறைமுகத்தைச் சூழப் பயனற்றுக் கிடக்கும் தரிசும் முதலில் கணக்கிடப்படட்டும்.

மூன்றாவதாக, தவிர்க்கவியலாத இடத்தில் நிலம் குத்தகையாகவே பெறப்படல் வேண்டும். குத்தகைப் பணம் காணிக்காரருக்கும், மின் வருவாயில் ஒரு பங்கு ஊரின் பொது நிதிக்கும் சேரல் வேண்டும். நிலமின்றி உழைத்தவனுக்கு வேலையும் பயிற்சியும் முன்னுரிமையாகக் கிடைத்தல் வேண்டும்.

நான்காவதாக, அளவைக் கூறுபோட்டு மதிப்பீட்டிலிருந்து நழுவும் வழி அடைக்கப்படல் வேண்டும். ஒரே இடத்தில், ஒரே மின்கம்பியோடு இணையும் திட்டங்கள் ஒன்றாகவே மதிப்பிடப்படட்டும்.

ஐந்தாவதாக, மாகாண சபைத் தேர்தலைத் தாமதமின்றி நடத்தி, காணி ஆணைக்குழுவை அமைத்தல் வேண்டும். மக்களால் தெரிவானவர் இல்லாத மாகாணத்தில் ஐம்பதாண்டுக் குத்தகைகளில் கையொப்பமிடுவது அறமாகாது.

அரசாங்கத்துக்குச் சொன்னதோடு நம் கடமை முடிந்துவிடவில்லை. நம்மவருக்கும் ஒரு சொல். பொறியியலாளரே, சட்டத்தரணியரே, வைத்தியரே, ஆசிரியரே! 30 நாள் என்று சட்டம் கொடுக்கும் அவகாசம், அறிக்கையைப் படித்துப் பொருள் சொல்வார் இல்லாமையால் வீணே கழிகிறது. நூற்றுக்கணக்கான பக்கங்களைக் கமக்காரன் தனித்துப் படித்துவிட இயலுமா? ஒவ்வொரு பிரதேசத்துக்கும் நான்கு பேர் கூடி, மாதம் ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்கினால் போதும். கமக்காரரே, கடற்றொழிலாளரே! எந்த வயலை எவர் எத்தனை போகமாகச் செய்கிறார், எந்தப் பாட்டில் எவர் வலை இழுக்கிறார் என்ற கணக்கை உங்கள் சங்கங்களே எழுதி வைக்கட்டும். உரம் வாங்கிய சீட்டும், நீர்வரி கட்டிய துண்டும், நெல் விற்ற பற்றுச்சீட்டும் நாளை உங்களுக்குச் சாட்சி சொல்லும். சாட்சியில்லாதவன் நிலத்தில் நின்றாலும் அந்நியனாகவே கருதப்படுவான்.

இதிலே தமிழன், முஸ்லிம், சிங்களவன் என்ற பேதத்துக்கு இடமில்லை. கொட்டியாரக் குடாவில் மீன் குறைந்தால் மூவர் வலையும் வெறுமையாகவே வரும். குளக்கட்டு உடைந்தால் வெள்ளம் எவரையும் இனம் கேட்டுக் கொள்ளாது. முத்துநகரில் கேட்டதும் சம்பூரில் கேட்டதும் ஒரே குரல்தான் என்பதைத் திருகோணமலையின் மூவின மக்களும் உணர்ந்து ஒரே மேடைக்கு வருவார்களாயின், அக்குரலைத் தட்டிக் கழிக்க எந்த அரசாங்கத்தாலும் இயலாது.

திருகோணமலைக்கு மின் நிலையம் வரட்டும்; கப்பல் வரட்டும்; தொழிற்சாலை வரட்டும். அவற்றை எதிர்ப்பது நம் நோக்கமன்று. ஆனால் அவை வரும்போது அங்கே வாழ்வோர் போக வேண்டியதில்லை என்ற உறுதி முதலில் வர வேண்டும். அவ்வுறுதியைச் சட்டத்தில் எழுதி, ஊரறியச் சொல்லி, அதன்படி நடந்து காட்டும் நாளில்தான் நிலைபேறு என்ற சொல்லை உச்சரிக்கும் தகுதி இவ்வரசாங்கத்துக்கு வரும்.